கடைசியாப் போறவர் லைட்டை நிப்பாட்டுங்கோ

ஓடிக்கொண்டிருக்கிற கணினியிலிருந்து பென்ட்ரைவைச் சொல்லாமல் கொள்ளாமல் இழுத்துக் கழற்றினால் உள்ளுக்கு என்ன நடக்கும்? கலைப்பீடத்துப் பிள்ளையள் மண்டையைப் போட்டு உடைக்கவேண்டிய கேள்வி இல்லைத்தான். ஆனால் இந்த வருசம் மொழிபெயர்ப்புப் பாடத்தில் குழுக்குழுவாகக் கலைச்சொல் பட்டியல் செய்யச் சொன்னார்கள். எங்கட நாலு பேருக்கும் விழுந்தது பணிசெயல் முறைமை. அதிலும் ஹார்ட் டிஸ்க், பென்ட்ரைவ் மாதிரியான சேமிப்புச் சாதனங்களை ஓட்டுகிற ‘டிரைவர்’ பகுதி. டிரைவருக்குச் ‘செலுத்தி’ எண்டு சொல் இருக்கு, அது பிரச்சினை இல்லை. குட்டிக் குட்டிச் சொற்கள்தான் பிரச்சினை: கெட், புட், ஃப்ரீ, ரிலீஸ். அகராதியைத் திறந்தால் ‘பெறு’, ‘வை’, ‘இலவசம்’ எண்டு வருது. ‘இலவச மெமரி’ எண்டு எழுதினால் சவர்க்காரத்தோட குடுக்கிற சாமான் மாதிரி இருக்கும்.

கணினி விஞ்ஞானம் படித்து முடித்த அக்கா ஒருவரிடம் போனோம். பட்டியலைப் பார்த்துச் சிரித்தார். “முதல்ல சொல்லை விடுங்கோ பிள்ளையள். சாமான் எப்பிடி வேலை செய்யுது எண்டு பாப்பம்” என்றார். அதற்குப் பிறகு மூன்று பின்னேரங்கள் போயின.

பென்ட்ரைவைச் செருகியதும் பணிசெயல் முறைமையின் கருவான கேர்னல், அந்தச் சாதனத்துக்கென்று மெமரியில் ஒரு பதிவை உருவாக்குகிறது. அளவு என்ன, எந்த வழியால் பேசவேண்டும், வரிசையில் எத்தனை வேலை நிற்கிறது எல்லாம் அதற்குள். இந்தப் பதிவு ஒருவருடைய சொத்து இல்லை. டிரைவர் அதைப் பாவிக்கிறது. கோப்புமுறைமை பாவிக்கிறது. நீங்கள் திறந்து வைத்திருக்கிற ஒவ்வொரு கோப்பும் சுற்றிவளைத்து அதில்தான் தொங்குது. எல்லாரும் ஒரே நேரத்தில், வேறு வேறு புரொசஸர்களில் ஓடிக்கொண்டு. இப்ப நீங்கள் பென்னை இழுத்துக் கழற்றுறீங்கள். சாதனம் போய்விட்டது, இனி அந்தப் பதிவு எதுக்கு எண்டு நினைத்து டிரைவர் உடனே மெமரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால்?

போடிங்கில இருந்த ஆக்களுக்கு இது சட்டெண்டு விளங்கும். நாலு பேர் ஒரு அறை எடுத்து, ஆளுக்கொரு திறப்பு வெட்டி வைத்திருக்கிறீங்கள். ஒருத்தர் போய் வீட்டுக்காரம்மாவிடம் “நாங்கள் விடுறம்” எண்டு சொல்லிப்போட்டார். அவ அடுத்த நாளே ஒரு குடும்பத்துக்கு அறையைக் குடுத்திட்டா. மற்ற மூன்று பேருக்கும் விசயம் தெரியாது. இரவு வந்து, தங்கட திறப்பால் கதவைத் திறந்து, இருட்டுக்குள்ள கொடியில கிடக்கிற உடுப்பை எடுத்து மாட்டுகினம். அது வேற ஆற்றையோ உடுப்பு. மெமரியிலும் இப்படித்தான். திருப்பிக் கொடுத்த இடத்தைக் கேர்னல் உடனே வேறொரு வேலைக்குக் கொடுத்துவிடும். பழைய திறப்பு வைத்திருப்பவர் அங்கே எழுதினால் அடுத்தவரின் தரவுதான் கெடும். அந்த இடத்திலேயே விழுந்து உடைந்தால் பரவாயில்லை. பெரும்பாலும் உடையாது. அரை மணித்தியாலம் கழித்து, சம்பந்தமே இல்லாத ஒரு மூலையில் உடையும். இதைப் பிடிப்பதற்காக லினக்ஸில் ஒரு சோதனை முறை இருக்கு: அதைப் போட்டுவிட்டால், திருப்பிக் கொடுத்த மெமரியை 107 என்ற எண்ணால் நிரப்பி வைக்கும். எழுத்தாகப் பார்த்தால் அது ஆங்கிலச் சின்னக் ‘கே’. பிழை அறிக்கையில் வரிசையாகக் கே, கே, கே எண்டு கண்டால், ஆரோ செத்த வீட்டுக்குள்ள பூந்திட்டினம் எண்டு அர்த்தம்.

இதற்கு லினக்ஸ் வைத்திருக்கும் தீர்வு எங்கட வாசிப்பறைக் கதவில் ஒட்டியிருக்கிற கடதாசிதான்: கடைசியாப் போறவர் லைட்டை நிப்பாட்டுங்கோ. அறைக்குள் எத்தனை பேர் என்று ஒரு எண். வாறவர் ஒன்றைக் கூட்டவேண்டும், போறவர் ஒன்றைக் கழிக்கவேண்டும். கழித்துப் பூச்சியமாக்குகிறவர்தான் லைட்டுக்குப் பொறுப்பு. பென் கழற்றப்பட்டதும் டிரைவர் செய்வது, “இனிப் புதிதாக ஆரும் வரவேண்டாம்” என்று பலகை வைத்து, நடுவில் நின்ற வேலைகளைப் பிழை என்று திருப்பி அனுப்பி, தன் பங்கு ஒன்றைக் கழித்துக்கொண்டு வெளியேறுவது மட்டும். சாதனம் இல்லாமல் போன பிறகும் அதன் பதிவு, கடைசிக் கோப்பு மூடப்படும்வரை மெமரியில் இருக்கும். எண்ணி விடுவிக்கிற இந்த யோசனை 1960ஆம் ஆண்டிலேயே ஜோர்ஜ் கொலின்ஸ் எழுதியது. லினக்ஸில் டிரைவர் எழுதுகிறவர்கள் எல்லாரும் பாவிக்கத்தக்க சின்னக் கருவியாக அதைச் செய்து வைத்தவர் கிரெக் குரோ-ஹார்ட்மன், 2004இல்.

கேட்க லேசாத்தான் இருக்கு. ஆனால் கடதாசி ஒட்டினவருக்குத் தெரியும் கஷ்டம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வெளிக்கிட்டால், ஒவ்வொருவரும் மற்றவர் உள்ளே இருக்கிறார் என்று நினைத்துப் போய்விடுவினம். லைட் விடிய விடிய எரியும். அதனால் கழிப்பதும் பூச்சியமா என்று பார்ப்பதும் பிரிக்கேலாத ஒரே செயலாக நடக்கவேண்டும். அதற்குப் புரொசஸரிலேயே தனிக் கட்டளைகள் இருக்கின்றன. இதைவிட நுணுக்கமானது மற்றப் பக்கம்: கடைசி ஆள் சுவிச்சில் கை வைக்கிற அந்தக் கணத்தில் இன்னொருவர் உள்ளே நுழைந்தால்? எண்ணைப் பூச்சியத்திலிருந்து ஒன்றாக்கினாலும் வேலைக்கு ஆகாது, லைட் போகப் போகுது. ஆகவே, ஏற்கெனவே உள்ளே இருக்கிற ஒருவர் கூட்டிக்கொண்டு வந்தால் மட்டும் நேரே வரலாம். தானாகத் தேடி வாறவர் பூட்டொன்றைப் பிடித்துக்கொண்டு, எண் பூச்சியம் இல்லை என்று உறுதிசெய்த பிறகே கூட்டலாம். லினக்ஸ் ஆவணத்தில் மொத்தம் மூன்றே விதிகள், இது மூன்றாவது. அக்கா தனக்குத் தெரிந்த பிழைகளில் பாதி இந்த மூன்றாவதில்தான் எண்டு சொன்னா.

அந்த ஆவணங்களை வாசித்தபோது எங்களுக்கு ஆச்சரியம் தந்தது அவற்றின் குரல். ஒரு சாதனப் பதிவுக்கு விடுவிக்கிற பகுதி எழுதாமல் விட்டால் கேர்னல் எச்சரிக்கை காட்டும். எச்சரிக்கையை வாய்மூட வைப்பதற்காக உள்ளே ஒன்றுமில்லாத வெறும் பகுதியை எழுதாதே, எழுதினால் இதைப் பராமரிக்கிறவர் இரக்கமே இல்லாமல் நக்கலடிப்பார் என்று பழைய ஆவணத்தில் எழுதியே வைத்திருந்தார்கள். எங்கட பாடக்குறிப்புகளை இப்படி ஆரும் எழுதினால் நாங்கள் கடைசி வாங்கிலிருந்தும் வாசிப்பம்.

எண்ணுக்கும் எல்லை உண்டு. 2016 ஜனவரியில் வெளிவந்த ஒரு ஓட்டை, சேமிப்பு டிரைவரில் இல்லை, திறவுகோல்களைச் சேமிக்கிற பகுதியில். ஒரு இடத்தில் கூட்டினதைக் கழிக்க மறந்துவிட்டார்கள். 32 பிட் எண் 4,294,967,296 தரம் கூட்டினால் சுற்றிப் பூச்சியத்துக்கு வரும். பொறுமையுள்ள ஒருவன் அதைச் செய்து, ஆட்கள் இருக்கிற அறையை ஆளில்லாத அறை என்று கேர்னலை நம்பவைக்கலாம். 2017இல் வந்த புதிய எண்ணி, உச்சத்துக்குப் போனால் அங்கேயே உறைந்துவிடும். அதற்குப் பிறகு அந்த மெமரி ஒருபோதும் விடுவிக்கப்படாது. வீணாகட்டும், ஆனால் ஆள் இருக்கும்போது கதவைப் பூட்டாதே என்ற தீர்மானம் அது. எங்களுக்கு இது பிடிச்சுது.

வின்டோஸ் வேற குணம். அங்கே டிரைவர் எழுதுகிறவர்களுக்கு ‘அகற்றல் பூட்டு’ என்று ஒன்று இருக்கு. சாதனம் போகும்போது டிரைவர் வாசலிலேயே நின்று, உள்ளே இருக்கிற எல்லாரும் வெளியேறும்வரை காத்திருந்து, பிறகு தானே எல்லாவற்றையும் ஒதுக்கும். ஒழுங்கான வேலைதான். ஆனால் உள்ளே ஒருத்தர் வெளியேற மறந்தால் வாசலில் நிற்கிறவர் நின்றபடிதான்.

இவ்வளவும் விளங்கின பிறகுதான் எங்களுக்குப் போன வருசத்துக் கதை நினைவுக்கு வந்தது. நாட்டார் வழக்காற்றியல் ஒப்படைக்காக ஊரொன்றில் ஒரு அம்மம்மாவிடம் ஒப்பாரி பதிவுசெய்தோம். ஒன்பது பதிவுகள். போனின் கார்ட் நிரம்பியிருந்தபடியால், ஒரு கொமினிகேஷன் கடையில் பென்னுக்கு மாற்றக் கொடுத்தோம். கடை அண்ணா கொப்பி பண்ணாமல் வெட்டி ஒட்டினார். திரையில் பட்டை முழுசா நிறைந்தது. உடனே பென்னைக் கழற்றித் தந்தார். வீட்டை வந்து பார்த்தால் ஏழுதான் பாடுது. மற்ற இரண்டும் பெயர் இருக்கு, உள்ளே பூச்சியம். கார்டிலிருந்து ஒன்றை மீட்டம். மற்றது, தன்ர மூத்த மகனுக்கு அவ பாடினது, போயிட்டுது.

அந்தக் கடைக் கணினி ஓடினது லினக்ஸ். அக்காவிடம் கேட்டோம்: இவ்வளவு கவனமாக எண்ணி எண்ணி விடுவிக்கிற சாமான், எங்கட பதிவை ஏன் தொலைத்தது? அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “மிஷின் தன்ர வேலையைச் சரியாத்தான் செய்திருக்கும். உங்கட வேலையைத்தான் செய்யேல்ல.” பட்டை நிறைந்தது என்றால், தரவு கணினியின் மெமரிக்கு வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். அங்கிருந்து பென்னுக்கு எழுதுவதைக் கேர்னல் ஆறுதலாகச் செய்யும். வழமையான அமைப்பில் 30 விநாடிவரை வைத்திருக்கும். அதற்கிடையில் பென் போனால், டிரைவர் ஒவ்வொருவரையும் ஒழுங்காக வெளியேற்றி, பதிவை விடுவித்து, ஒரு கீறலும் இல்லாமல் ஓடும். காத்திருந்த பாட்டையும் சேர்த்துத்தான் விடுவிக்கும். ‘பாதுகாப்பாக விடுவித்தல்’ என்பதில் பாதுகாப்பு கணினிக்கு. உள்ளே இருந்ததுக்கு இல்லை. அதற்குக் கழற்றுவதற்கு முன்னம் நீங்கள்தான் சொல்லவேண்டும். (2018இல் வந்த பதிப்பிலிருந்து வின்டோஸ், பென்னுக்கு எழுதுவதைப் பிற்போடாமல் இருப்பதையே வழமையாக்கியிருக்கு. ஆனாலும் கொப்பி நடந்துகொண்டிருக்கும்போது இழுத்தால் இழுத்ததுதான்.)

அம்மம்மாவிடம் திரும்பவும் போனோம். தேத்தண்ணி தந்தா. “அது ஒருக்காத்தான் வரும் பிள்ளை” எண்டு சொல்லிப்போட்டு, வேற கதை கதைச்சா. நாங்கள் வற்புறுத்தேல்ல.

பட்டியல் இப்ப முக்கால்வாசி முடிஞ்சுது. கெட் என்பதற்கு ‘பிடி’ என்று போட்டிருக்கிறம். ரிலீஸுக்கு ‘விடுவிப்பு’ சரியான சொல்தான். ஆனால் எங்கட பக்கத்தில் ‘விடுவிப்பு’ என்றால் முதலில் காணிதான் ஞாபகம் வரும், ஆரோ மேலே இருக்கிறவர் தீர்மானித்துத் தாறது. கேர்னலில் மேலே ஒருவரும் இல்லை, கடைசியாப் போறவர்தான் செய்யிறார். இதை அடிக்குறிப்பாகப் போடவேணுமா எண்டு வாக்குவாதம். புட் என்பதற்கு ஒருத்தி ‘கைவிடு’ என்கிறாள். பிடித்த கையை விடுகிறதுதானே, நேரே பொருந்துது என்பது அவளுடைய கட்சி. மற்ற மூன்று பேருக்கும் அந்தச் சொல்லைக் கேட்கவே ஒரு மாதிரிக் கிடக்கு. இப்போதைக்கு ‘விடு’ என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறம். திங்கட்கிழமை ஒப்படைக்கவேணும்.