வெறுங்கழுத்து

ஆவடியில் ஏறிப் பட்டரவாக்கத்தில் இறங்குவேன். நடுவில் அண்ணனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர். இருபத்திரண்டு வருடமாக இதே மின்சார ரயில், இதே லேடீஸ் பெட்டி. பூக்கூடையோடு ஏறும் அம்மா எல்லோரிடமும் கேட்பார், என்னிடம் மட்டும் கேட்காமல் தாண்டிப் போவார். புதிதாக வரும் யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் ஐந்து நிமிஷம் பொறுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "வீட்டுக்காரர் தவறி எத்தனை வருஷமாச்சும்மா?" என்பார்கள். நெற்றியில் பொட்டில்லை, காதில் ஒன்றுமில்லை, கழுத்தில் ஒன்றுமில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. "இருக்காரும்மா, ஆவடி ஸ்டேஷன்ல இப்பத்தான் வண்டியில இறக்கி விட்டுட்டுப் போறாரு" என்பேன். உடனே முகம் மலர்ந்து, "ஓ, அல்லேலூயாவா!" என்று சிரிப்பார்கள்.

ஆமாம், அல்லேலூயாதான். பெந்தெகோஸ்தே சபை. வேதத்தில் எழுதியிருப்பது எழுதியபடியே உண்மை என்று நம்புகிறவள். தசமபாகம் கொடுக்கிறேன், வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்கிறேன், ஜெபிக்கும்போது முக்காடு போடுகிறேன். சினிமாவுக்குப் போவதில்லை. (இளையராஜா கேட்பேன். சபையில் அதற்கு 'உலகப் பாட்டு' என்று பெயர். ஹெட்போனில் பட்டரவாக்கம் வரைக்கும்தான்.) விவாகரத்து சாதாரண விஷயம் என்று என்னால் நினைக்க முடியாது. இந்தப் புத்தகத்தில் எனக்கு முன்னும் பின்னும் எழுதியிருப்பவர்கள் சிலரோடு நான் ஒத்துப்போக மாட்டேன். அவர்களும் என்னோடு ஒத்துப்போக வேண்டும் என்றில்லை.

வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில், லேத் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதுவது. ஆயுத பூஜை அன்று லேத் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, பொரி கடலை. படைத்ததை நான் சாப்பிடுவதில்லை. பவுல் கொரிந்து சபைக்கு எழுதியபோதே இந்தச் சண்டை இருந்திருக்கிறது. அவர் சொன்னதை இரண்டு விதமாகவும் படிக்கலாம், நான் கண்டிப்பான விதமாகப் படிக்கிறேன். முதல் இரண்டு வருஷம் அன்றைக்கு லீவு போட்டேன். மூன்றாவது வருஷம் மெஷின் ஓட்டுகிற பெண் ஒருத்தி, "அக்கா, பூஜைக்கு முன்னாடியே உங்களுக்குப் பொரி தனியா எடுத்து வெச்சுட்டேன். இது சாமிக்குக் காட்டாதது" என்று ஒரு பொட்டலத்தை மேஜைமேல் வைத்தாள். அன்றிலிருந்து லீவு போடுவதில்லை. மதநல்லிணக்கம் பற்றி மேடையில் பேசுகிற எவரும் இப்படிப் பொட்டலம் கட்டி நான் பார்த்ததில்லை.

கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் தோழி ஒருத்தி உண்டு. பெரியார் வழி. அவள் கழுத்திலும் ஒன்றுமில்லை. "டீ, பின்னாடியிருந்து பார்த்தா நீயும் நானும் ஒரே கட்சி" என்பாள். 2015 ஏப்ரல் 14 அன்று திராவிடர் கழகம் பெரியார் திடலில் தாலி அகற்றும் நிகழ்ச்சி நடத்தியபோது எவ்வளவு கொதிப்பு, நீதிமன்றம்வரை போனது. அவள் அங்கே போயிருந்தாள். அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் நாற்பது ஐம்பது பெண்கள் தாலியே இல்லாமல் உட்கார்ந்திருந்தோம், ஒரு போலீஸ்காரரும் எட்டிப் பார்க்கவில்லை. எங்கள் கல்யாணங்களில் தாலி கிடையாது. சி.எஸ்.ஐ. குடும்பங்களில் சிலுவையோ புறாவோ பொறித்த தாலி கட்டுவார்கள். எங்களுக்கு அதுவும் இல்லை. பதிவேட்டில் இரண்டு பேரும் போடும் கையெழுத்துதான்.

தோழி கழற்றியது சுயமரியாதை, நான் கழற்றியது அடிமைத்தனம் என்று அவளுடைய தோழர்கள் சொல்வார்கள். அவள் அப்படிச் சொல்ல மாட்டாள். ஒருமுறை மட்டும் கேட்டாள்: "கழற்றினது சரி. கழற்றின நகை எங்கடி போச்சு?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அம்மா 1984இல் ஞானஸ்நானம் எடுத்தார். கல்யாணத்துக்குத் தாத்தா போட்டு அனுப்பியது பதினொரு சவரன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, ஒரு நாள் தானே கழற்றி ஒரு கைக்குட்டையில் முடிந்து வைத்தேன் என்று அம்மா சொல்வார். நான் அதை நம்புகிறேன். தன் வாழ்க்கையில் அவர் தனியாக எடுத்த முதல் முடிவு அது. ஆனால் அந்தக் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தது அவர் இல்லை. அப்பா அதை விற்றுப் பட்டாபிராமில் ஒரு மனை வாங்கினார், தன் பெயரில். ஆவடி டாங்கி ஃபேக்டரியில் வேலை, நல்ல மனிதர், குடி கிடையாது, அடி கிடையாது. மனையை மனைவி பெயரில் எழுதலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவருக்கு மட்டுமா? எங்கள் சபையில் அந்தக் காலத்தில் கழன்ற வளையல்களும் சங்கிலிகளும் எத்தனையோ. அவற்றில் கொஞ்சம் காணிக்கைப் பெட்டிக்குப் போனது, மிச்சம் ஆண்கள் பெயரில் மனையாகவும் வண்டியாகவும் ஆனது.

நம் ஊரில் ஒரு பெண்ணுக்கென்று கையில் இருக்கிற சொத்து பெரும்பாலும் நகைதான். ஆஸ்பத்திரிச் செலவு, பிள்ளைக்கு ஃபீஸ், அடி தாங்காமல் கிளம்புகிற ராத்திரிக்கு பஸ் காசு, எல்லாம் அதிலிருந்துதான். அதைக் கழற்றச் சொல்லும் பிரசங்கத்தை வருஷத்துக்கு நாலு முறையாவது கேட்டிருக்கிறேன். பவுலும் பேதுருவும் எழுதியது எனக்கு மனப்பாடம், அதை மறுக்கவில்லை. ஆனால் அதே மேடையிலிருந்து வரதட்சணையைப் பற்றி நான் கேட்டது இரண்டே முறை. நகை போடாத மணப்பெண்ணுக்கு ரொக்கமாகக் கொடுத்தால் பாவம் இல்லை என்பதுபோல நடக்கிறது. யாக்கோபு நிருபத்தில் பொன்மோதிரம் போட்டுச் சபைக்குள் வருகிறவன் ஓர் ஆண். அந்த அதிகாரத்தை நகைப் பிரசங்கத்தில் யாரும் எடுப்பதில்லை. பொன் கன்றுக்குட்டி செய்ய ஆரோன் முதலில் கேட்டது மனைவிகளின் காதணிகளை. பிறகு ஆசரிப்புக் கூடாரம் கட்டும்போது பெண்களும் ஆண்களும் மனமுவந்து நகையைக் கொண்டுவந்து கொடுத்ததாகவும் இருக்கிறது. தானாகக் கொடுப்பதும் பிடுங்கப்படுவதும் வேறு வேறு என்று மோசேயின் புத்தகத்துக்கே தெரிந்திருக்கிறது.

அப்பா 2019இல் இறந்தார். உயில் இல்லை. காரியம் முடிந்து ஒரு மாதத்தில் தம்பி வந்தான். அம்மாவும் நானும் அவனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும், அம்மாவை அவன் பார்த்துக்கொள்வான். (நம் பங்கை விட்டுக்கொடுப்பதற்கு வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள், விடுதலை!) பாரிமுனையில் ஹைகோர்ட் எதிரே சட்டப் புத்தகக் கடைகளில் 'பேர் ஆக்ட்' என்று மெல்லிசாக விற்பார்கள். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தை வாங்கி வந்து ரயிலில் படித்தேன். கணக்கு எழுதுகிறவளுக்கு அது கஷ்டமில்லை. உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் பிள்ளைகளுக்கு, மகன் மகள் என்ற வித்தியாசம் இல்லாமல். கேரளத்தில் திருவிதாங்கூர்ப் பகுதிக் கிறிஸ்தவப் பெண்களுக்கு இதுவே கிடைக்காமல் இருந்தது. மகனுக்குக் கிடைப்பதில் கால்வாசி, இல்லையென்றால் 5,000 ரூபாய், எது குறைவோ அதுதான் மகளுக்கு என்று 1916ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. மேரி ராய் உச்ச நீதிமன்றம்வரை போய் 1986இல் அதை மாற்றினார். எனக்கு யாரோடும் வழக்காடாமலே சட்டம் கையில் இருந்தது.

ஆனால் மூன்று பேருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பதினொரு சவரனும் அம்மாவுடையது. அதில் வாங்கிய மண்ணில் அவருக்கு மூன்றில் ஒன்றுதானா? தம்பியிடம் சொன்னேன்: "நீயும் நானும் அம்மாவுக்கு எழுதிக் கொடுப்போம்." அவன் சபைக்குப் போனான்.

இரண்டு மூப்பர்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஸ்தோத்திரம் சொல்லி, ஜெபித்து, காபி குடித்துவிட்டு, "சிஸ்டர், உலகப் பொருள்மேல ஆசை வைக்கக்கூடாது, கல்யாணமாகிப் போன பிள்ளை" என்று ஆரம்பித்தார் பெரியவர். நான் எண்ணாகமம் 27ஐத் திறந்து வைத்திருந்தேன். செலொப்பியாத்துக்கு மகன் இல்லை, ஐந்து மகள்கள். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். ஐந்து பெயரும் எழுதியிருக்கிறது. மோசேயின் முன்னால் நின்று எங்கள் அப்பாவின் பங்கை எங்களுக்குக் கொடுங்கள் என்று கேட்டார்கள். அவர்கள் கேட்பது நியாயம் என்று கர்த்தரே சொன்னார்.

பெரியவர் லேசுப்பட்டவர் இல்லை. "36ஆம் அதிகாரத்தையும் படிங்க சிஸ்டர். அந்தப் பொண்ணுங்க தங்கள் கோத்திரத்துலதான் கட்டணும்னு இருக்கு. சொத்து வெளியே போயிடக் கூடாதுன்னுதான."

"நாங்க எங்கயும் போகல ஐயா. பட்டாபிராம் சொத்து பட்டாபிராம்லயேதான் இருக்கும்."

அதுவரை சமையலறை வாசலில் நின்றிருந்த அம்மா முன்னால் வந்தார். "அது என் நகை ஐயா" என்றார். அவ்வளவுதான். முப்பத்தைந்து வருஷத்தில் அந்த நகையை 'என்' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. பெரியவர் கொஞ்ச நேரம் தலையைக் குனிந்திருந்துவிட்டு, தம்பியிடம், "எழுதிக் குடுத்துடுப்பா" என்றார். பிறகு சார்பதிவாளர் அலுவலகம், டோக்கன், கைரேகை. வீடு இப்போது அம்மா பெயரில். தம்பி ஒன்றரை வருஷம் என்னோடு பேசவில்லை. அது வலிக்கத்தான் செய்தது.

இதைச் சொன்னால் தோழியின் தோழர்கள், "பார்த்தீங்களா, மதம் உங்களை ஏமாற்றியிருக்கு" என்பார்கள். சபையில் சிலர், "பெண்ணியம் பேசிக் குடும்பத்தைக் கலைச்சுட்டா" என்றார்கள். இரண்டு பக்கமும் ஒரு விஷயத்தில் ஒன்றாக நிற்கிறார்கள்: என் தலைக்குள் இருப்பதை யாரோ போட்டிருக்க வேண்டும்.

அரசாங்கமும் அப்படித்தான் நினைத்திருக்கிறது. 2002இல் ஜெயலலிதா ஆட்சியில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது எங்கள் சபையில் பெரிய பயம். சங்கிலி ஜெபம் வைத்தோம். சட்டத்தை யாரும் படிக்கவில்லை. பின்னாளில் படித்தேன். கட்டாயப்படுத்தியோ ஆசைகாட்டியோ மதம் மாற்றினால் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். மாற்றப்பட்டவர் மைனராகவோ, பெண்ணாகவோ, தாழ்த்தப்பட்டவராகவோ, பழங்குடியினராகவோ இருந்தால் 4 ஆண்டு, ஒரு லட்சம். அதாவது ஐம்பது வயதுப் பெண்ணும் ஐந்து வயதுக் குழந்தையும் ஒரே வரியில். 2004 நாடாளுமன்றத் தேர்தலில் ஓர் இடம்கூடக் கிடைக்காத பிறகு அதைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் உத்தரப் பிரதேசத்தின் 2021ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதே பட்டியல், தண்டனை இன்னும் கடுமை. கேரளத்தில் இஸ்லாத்துக்கு மாறிய ஹாதியாவுக்கு நீதிமன்றத்தில் வழக்கு நடந்தபோது வயது இருபத்து நான்கு. அந்த வயதுப் பெண் பலவீனமானவள், எளிதில் ஏமாற்றப்படக் கூடியவள் என்கிற தோரணையில் 2017இல் உயர் நீதிமன்றம் அவர் கல்யாணத்தையே ரத்து செய்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது. அவருடைய மார்க்கம் என்னுடையதல்ல. ஆனாலும் அந்தச் செய்தியைப் படிக்கும்போது எனக்கு அம்மாவின் கைக்குட்டைதான் ஞாபகம் வந்தது.

பண்டித ரமாபாயை எனக்குப் பிடிக்கும். 1883இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். அங்கே கன்னிகாஸ்திரீகள் கழுத்தில் அணியக் கொடுத்த சிலுவையில் லத்தீன் எழுத்து இருந்தது. எனக்கு லத்தீன் எதற்கு, சமஸ்கிருதத்தில் இருக்கட்டும் என்று வாதம் செய்தார். கீழ்ப்படியச் சொல்லி வந்த கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதினார். கடைசிவரை கிறிஸ்தவராக இருந்தார், வேதாகமத்தையே மராத்தியில் தனியாக மொழிபெயர்த்தார். கீழ்ப்படியாமலும் விசுவாசியாக இருக்கலாம் என்பதற்கு எனக்கு அவர் போதும்.

தேர்தல் வந்தால் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. எல்லாக் கட்சிக்காரர்களும் பாஸ்டர் ஐயாவுக்குச் சால்வை போட்டுவிட்டுப் போவார்கள். சபையில் உட்காருகிறவர்களில் முக்கால்வாசி பெண்கள். எங்களை யாரும் கேட்பதில்லை. 2021 அக்டோபர் 1 அன்று நாட்டின் 41 படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாக உடைத்தார்கள். டாங்கி ஃபேக்டரி ஒரு கம்பெனிக்குப் போனது, சீருடை தைக்கும் ஃபேக்டரி இன்னொன்றுக்கு. வேலைநிறுத்தம் செய்யக்கூடாது என்று அதற்கு முன்பே சட்டம். எங்கள் சபையில் பாதிக் குடும்பம் அந்தச் சம்பளத்தில் சாப்பிட்டது. வேலைகள் காக்கப்பட வேண்டுமென்று ஜெபித்தோம். யார் உடைத்தது என்று கேட்டதற்கு, சபையில் அரசியல் வேண்டாம் என்றார்கள். சால்வைக்கு மட்டும் அந்த விதி இல்லை. நான் ஜெபித்துவிட்டுத்தான் ஓட்டுப் போடப் போகிறேன், யாருக்கென்று வீட்டில்கூடச் சொல்வதில்லை. டாஸ்மாக்கை மூடுவோம் என்று எவராவது உண்மையாகச் சொன்னால் கொள்கையெல்லாம் பார்க்காமல் போட்டுவிடுவேன். அந்த அளவுக்கு நான் பழைய ஆள்தான்.

மகளுக்குப் பத்தொன்பது வயது. போன மாதம் டியூஷன் எடுத்த காசில் அரை கிராமில் ஒரு ஜோடித் தோடு வாங்கி வந்தாள். எனக்குப் பிடிக்கவில்லை, சொன்னேன். "நீயும் பாட்டியும் கழற்றினது உங்க முடிவுன்னு எழுதப் போறேல்ல? இது என்னோடது" என்றாள். ராத்திரி அதற்காக ஜெபித்தேன், இன்னும் ஜெபிக்கிறேன். மறுநாள் பில்லை வாங்கிப் பார்த்தேன். அவள் பெயரில்தான் இருந்தது. அதைத் தொலைக்காமல் வைக்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வரும்போது கழற்றி வைத்துவிட்டு வருகிறாள். நான் சொல்லவில்லை.