பென்சில் கிரிவலம்

திருவண்ணாமலை கிரிவலப் பாதை சுமார் 14 கிலோமீட்டர். ஓட்டப் பயிற்சிக்கும் ஏற்ற தூரம்தான். ஆனால் இந்தப் பாதைக்குப் பழக்கம் மெதுநடை, அதுவும் வெறுங்காலோடு.

ரமண மகரிஷி மலைமேல் விரூபாட்ச குகையில் வாழ்ந்த காலம். சில நாட்களாகத் தினமும் அவருக்குப் பாட்டு வந்துகொண்டிருந்தது. அருணாசல பதிகம் அப்படி உருவானதுதான். ஒருநாள் கிரிவலம் கிளம்பினார். பின்னால் போன பழனிசாமியை ஐயாசாமி கூப்பிட்டு, ‘இன்றைக்கும் சாமி பாடக்கூடும்’ என்று காகிதமும் பென்சிலும் கொடுத்தனுப்பினார். ரமணருக்கு இது பிறகுதான் தெரியும். குகைக்குத் திரும்புவதற்குள் அருணாசல அஷ்டகத்தின் 8 பாடல்களில் 6 தயார்! ஐயாசாமிக்கு அந்த யோசனை வராமல் போயிருந்தால்?

பிட்சைக்குப் போகும் அடியார்கள் தெருவில் பாடுவதற்காகக் கேட்டுப் பெற்ற அட்சரமணமாலையும் கிரிவலத்தோடு சேர்ந்ததே. அதன் 108 கண்ணிகளில் பல, மலையைச் சுற்றி வரும்போது பிறந்தவை.

பௌர்ணமியன்று கூட்டமே நம்மைத் தள்ளிக்கொண்டு போய்விடும். யோசித்தபடி நடக்க ஆசைப்படுபவர்கள் சாதாரண நாளில், வெயில் ஏறுமுன் கிளம்புவது நல்லது. விரூபாட்ச குகைக்கு ரமணாசிரமத்தின் பின்புறமிருந்து ஸ்கந்தாசிரமம் வழியாகவும் போகலாம். தண்ணீர் பாட்டிலோடு ஒரு பென்சிலும் இருக்கட்டும்.