பள்ளிபாளையத்து வரமிளகாய்க் கோழி

ஈரோட்டிலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பள்ளிபாளையம். நாமக்கல் மாவட்டம் அங்கே தொடங்குகிறது. தறிச் சத்தம் ஓயாத இந்த ஊரின் பெயரில் இன்று பல ஊர்களில் கோழி வறுவல் விற்கிறார்கள். பெரும்பாலும் பிராய்லரும் பாக்கெட் மசாலாவும்தான்.

ஊர்ப் பக்குவத்தில் மசாலாத்தூளுக்கு வேலையில்லை. ஒரு கிலோ நாட்டுக்கோழிக்குக் கால் கிலோ சின்ன வெங்காயம், 15 முதல் 20 வரமிளகாய். மிளகாயைக் கிள்ளி, விதையை உதறிவிட்டால் காரம் மட்டுப்படும். தோலின் நிறமும் மணமும் எண்ணெயில் இறங்கும். கடலை எண்ணெயில் மிளகாயைக் கருகாமல் வதக்கி, வெங்காயம், கறிவேப்பிலை, சிறு துண்டுகளாக வெட்டிய கறி, மஞ்சள், உப்பு சேருங்கள். தண்ணீர் தெளித்து மூடி, முக்கால் மணி நேரம் நிதானமாக வேகவிடுங்கள். பிராய்லர் அதற்குள் குழைந்துவிடும். கடைசியில் தேங்காயைப் பல்லுப்பல்லாகக் கீறிப் போட்டு, சுருள வதக்கி இறக்குங்கள்.

கோழி, வெங்காயம், மிளகாய், தேங்காய், கடலை எல்லாம் நம் காட்டிலும் தோட்டத்திலும் கிடைப்பவை. பாக்கெட் வாங்கும்போது அந்தக் காசு வெளியே போகிறது. புறக்கடையில் நாலு நாட்டுக்கோழி மேய்கிற வீட்டில்தான் இந்த ருசி நிலைக்கும்.