பதறாத காரியம் சிதறாது

பெண்ணைப் பெற்றவளுக்குக் கவலைக்கா பஞ்சம்? படிக்கிற வரையில் ஒரு கவலை. படிப்பு முடிந்தால் இன்னொரு கவலை. ஆனால் என் பெண் எனக்கு வைத்த கவலை புது மாதிரியானது. கலிபோர்னியாவில் பிறந்து வளர்ந்தவள், ஒரு நாள் போலீஸ் அகாடமியில் போய்ச் சேர்ந்துவிட்டாள்!

அந்த மாநிலத்தில் போலீஸ் உத்தியோகத்துக்குக் குறைந்தது 664 மணி நேரப் பயிற்சி வேண்டும். சட்டம், முதலுதவி, துப்பாக்கி என்று பாடங்கள் ஏராளம். துப்பாக்கிகூட என்னை அவ்வளவு மிரட்டவில்லை. “அடுத்த வாரம் கார் ஓட்டப் பழக்கப் போகிறார்கள், அம்மா! சைரன் போட்டுக்கொண்டு!” என்றாளே, அன்றைக்குத்தான் என் தூக்கம் போயிற்று. சினிமாவில் பார்த்த துரத்தல்கள் எல்லாம் கண்முன் வந்து நின்றன.

முதல் நாள் வீட்டுக்கு வந்ததும், “எவ்வளவு வேகமடி போனாய்?” என்று கேட்டேன்.

“வேகமா? காலையெல்லாம் பின்பக்கமாகவே ஓட்டினேன்!” என்று சிரித்தாள்.

வேடிக்கை இல்லை, நிஜந்தான். ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கூம்புகளை வரிசையாக வைத்து, அவற்றின் நடுவே வளைந்து வளைந்து பின்னால் போகச் சொல்வார்களாம். ஒரு கூம்பு சாய்ந்தாலும் மதிப்பெண் போய்விடும். “அது கூம்பு இல்லை, தெருவில் நிற்கும் குழந்தை என்று நினைத்துக்கொள்ள வேண்டும், அம்மா” என்றாள்.

அடுத்து, தண்ணீர் விட்டு வழுக்கலாக்கிய தளம். காரின் பின்பாகம் சறுக்கினால் எந்தப் பக்கம் சறுக்குகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். மோதிவிடுவோமோ என்று பயப்படும் இடத்தைப் பார்க்கவே கூடாது. கண் போகிற இடத்துக்குத்தான் கையும் காரும் போகுமாம். ஆகவே, போக வேண்டிய வழியையே பார்க்க வேண்டும். வாழ்க்கைக்கும் பொருந்துகிற பாடந்தான், இல்லையா?

திருப்பத்துக்கு முன்னாலேயே பிரேக் போட்டுவிட வேண்டுமாம், திருப்பத்தின் நடுவில் அல்ல. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்தபின் கார் நிற்கும் தூரம் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு! முப்பது மைல் வேகத்தில் போகிறவளுக்கும் அறுபதில் போகிறவளுக்கும் எவ்வளவு வித்தியாசம், பாருங்கள்.

“சைரன் போட்டால்தான் எல்லோரும் வழி விடுவார்களே?” என்றேன்.

அப்போதுதான் அவள் முகத்தில் சிரிப்பு மறைந்தது. கலிபோர்னியா வாகனச் சட்டத்தின் 21055-ஆம் பிரிவு, அவசரத்தில் சிவப்பு விளக்கும் சைரனும் போட்டுப் போகும் போலீஸ் வண்டிக்குப் பல சாலை விதிகளிலிருந்து விலக்குக் கொடுக்கிறது. அதற்கு அடுத்த 21056-ஆம் பிரிவோ, ‘பிறர் பாதுகாப்பைக் கவனித்து ஓட்டும் கடமையிலிருந்து உனக்கு விலக்கு இல்லை’ என்று கையைப் பிடித்து நிறுத்துகிறது.

“ஜன்னலை ஏற்றிவிட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டு வருகிறவர்களுக்குச் சைரன் காதில் விழுவதற்குள் நாங்கள் பக்கத்திலேயே வந்துவிடுவோம், அம்மா. எங்கள் சைரன் சத்தத்தில், எதிரே வரும் இன்னொரு போலீஸ் வண்டியின் சைரனே எங்களுக்குக் கேட்காது. அதனால் சிவப்பு விளக்குள்ள சந்திப்பில் வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு வரிசையிலும் வண்டி நின்றுவிட்டதா என்று பார்த்துப் பார்த்துத்தான் கடக்க வேண்டும். பச்சை விளக்கை நம்பிக் குறுக்கே வருகிறவள் நீயாகவும் இருக்கலாமே!”

எனக்குப் பேச்சே எழவில்லை. நான் அவளுக்காகப் பயந்துகொண்டிருந்தேன். அவளோ முகம் தெரியாத யாரோ ஓர் அம்மாவுக்காகப் பயப்படக் கற்றுக்கொண்டிருந்தாள். சீக்கிரம் போகச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று நினைத்தேனே, அவர்கள் கற்பித்ததெல்லாம் நிதானத்தை அல்லவா! போய்ச் சேர்ந்தால்தானே உதவி?

‘பதறாத காரியம் சிதறாது’ என்று என் பாட்டி அடுப்படியில் நின்று சொல்வாள். அதையே அங்கே கூம்பு வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

இப்போது அவள் இரவு ரோந்துக்குப் போகிறாள். கவலை போய்விட்டதென்று சொன்னால் அது பொய். ஆனால் தூரத்தில் சைரன் கேட்டால், முன்போல வயிற்றைப் பிசைவதில்லை. நான் கார் ஓட்டிக்கொண்டிருந்தால் வலது ஓரமாக ஒதுங்கி நிற்கிறேன். யார் பெற்ற பிள்ளையோ, யாரைக் காப்பாற்றப் போகிறதோ என்று ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்கிறேன்.