மரக்கொடி

கொடி என்பது தமிழிற் பல பொருள் குறித்த ஒரு சொல். பந்தரிற் படர்வதும் கொடி. கம்பத்திற் பறப்பதும் கொடி. தாயொடு சேயைப் பிணைத்துப் பிறந்த அன்றே அறுக்கப்படுவதும் கொடியே. இப்பொருள்களை வகுப்பறையில் யாம் பன்முறை ஒப்பித்ததுண்டு. ஆயினும், அவை தம்முள் உறவுடையன என்பதைச் சென்ற கோடை விடுமுறையிற் கடல் கடந்த ஓர் ஊரில், ஒரு முதிய தச்சரின் கொட்டகையிலேதான் உணர்ந்தோம். அதனை ஈண்டு எழுதத் துணிகின்றோம். குறையுளதேல் அன்பர் பொறுப்பாராக.

எம் தமையனார் பன்னீராண்டுகளாக அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒஹையோ மாகாணத்தில் அலுவல் பார்த்து வருபவர். அவர் அழைப்பிற்கிணங்கி யாம் அங்குச் சென்ற மூன்றாம் நாள், இன்னும் நான்கு வாரத்தில் தாம் அந்நாட்டுக் குடிமகனாக உறுதிமொழி எடுக்கப் போவதாகக் கூறினார். பிற நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்போர் இந்தியக் குடியுரிமையை இழப்பர் என்பது 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. எனவே ஒரு வாயில் திறக்கும் அந்நாளில் மற்றொரு வாயில் அடைபடும். ஊரிலிருந்த அன்னையார் இச்செய்தியைத் தொலைபேசியிற் கேட்டு ஒன்றும் பேசாதிருந்தார். யாமோ தமையனார்மீது சினங்கொண்டோம். ஆயினும் வெளியிற் காட்டிலோம்.

அடுத்த வீட்டில் முதியவர் ஒருவர் இருந்தார். ஐம்பதாண்டு தச்சு வேலை செய்து ஓய்ந்தவர். பழம்பலகைகளைக் கொண்டு நாட்டுக்கொடி செய்து சுவரில் மாட்டுவது அந்நாட்டிற் பலர் விரும்பும் கைத்தொழில். அத்தகைய கொடி ஒன்றை உறுதிமொழி நாளில் எம் தமையனார்க்குப் பரிசாக அளிக்க எண்ணிய அவர், எம்மையும் துணைக்கழைத்தார். மறுத்தற்குரிய காரணத்தைச் சொல்ல நாணி இசைந்தோம்.

பைன் மரப் பலகைகளை 1½ அங்குல அகலமுள்ள 13 சட்டங்களாக அறுத்தோம். உயரம் ஒன்றாயின் நீளம் 1.9 என்பது 1959இல் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணையின் அளவு. அதன்படி எம் கொடியின் உயரம் 19½ அங்குலம். நீளம் 37 அங்குலம். இடப்புறத்து மேல்மூலையில் வரும் நீலப்பகுதி ஏழு சட்டங்களின் உயரமுடையது. ஆதலின், மேலுள்ள ஏழு சட்டங்கள் குறியன. கீழுள்ள ஆறும் நெடியன. செந்நிறத்தன ஏழு, வெண்ணிறத்தன ஆறு.

வண்ணம் பூசுமுன் மரத்தைச் சுட வேண்டும் என்றார் முதியவர். எரிவாயுக் குழாயின் சுடரைச் சட்டங்களின்மேல் மெல்ல ஓட்டினோம். மென்மையான பகுதி கருகிற்று. வன்மையான ரேகை நின்றது. கம்பித் தூரிகையால் தேய்க்கக் கரி உதிர்ந்து, மரத்தின் ஆண்டு வளையங்கள் முதியோர் கைந்நரம்புபோற் புடைத்துத் தோன்றின. பின்னர்ச் செஞ்சாயத்தை நீர்க்கக் கலந்து பூசி, உலருமுன் துணியால் துடைத்தோம். "வண்ணம் மரத்தை மூடலாகாது; மரம் அதனூடே தெரிய வேண்டும்" என்பது அவர் கொள்கை.

வேலையினிடையே அவர் அக்கொடியின் வரலாற்றையும் சொன்னார். 1777ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் எழுந்த தீர்மானம் 13 கோடுகளையும் 13 விண்மீன்களையும் வகுத்தது. பின்னர் இரு மாகாணங்கள் சேர, 1795 முதல் கோடும் மீனும் பதினைந்தாயின. இவ்வாறே வளர்ந்தால் கொடி என்னாகும்? ஆகவே 1818இல் ஒரு முடிவு செய்தனர்: கோடுகள் ஆதி மாகாணங்களின் எண்ணாகிய பதின்மூன்றே என்றும் நிற்கும், புதிதாக வரும் மாகாணத்திற்கு ஒரு மீன் கூடும். 1803இல் சேர்ந்த ஒஹையோவும் தன் மீனுக்காகப் பதினைந்தாண்டு காத்திருந்ததாம். ஐம்பதாம் மீன், ஹவாயின் பொருட்டு, 1960 ஜூலை 4ஆம் நாள் ஏறிற்று.

அவ்வைம்பது மீன்களையும் நீலப்பலகையில் உளியாற் செதுக்கும் பணி எம்முடையதாயிற்று. ஆறும் ஐந்துமாக மாறி மாறி ஒன்பது வரிசைகள். ஒவ்வொரு மீனுக்கும் ஐந்து முனை. ஒவ்வொரு முனைக்கும் இரு சரிவு. ஆக ஐந்நூறு சரிவுகள். மரத்தின் ரேகையோ ஒரு திசையிலேயே ஓடும். மீனின் முனைகள் ஐந்து திசையில் நீளும். ரேகையறிந்து உளியைத் திருப்பாவிடின் முனை பெயர்ந்துவிடும். முப்பத்தோராம் மீனைச் செதுக்கும்போது எம் மனம் அன்னையாரின் மௌனத்தை எண்ணிற்று. கொட்டாப்புளியை ஓங்கி அடித்தோம். முனை தெறித்து வீழ்ந்தது.

முதியவர் எம்மைக் கடிந்திலர். கீழே மரச்சீவல்களைத் துழாவி அச்சிறு துண்டைக் கண்டெடுத்துப் பசையிட்டுப் பொருத்தினார். அது உலரும்வரை தம் பாட்டனாரைப் பற்றிப் பேசினார். அவர் ஜெர்மனியிலிருந்து சிறுவயதில் வந்தவராம். அந்நாட்டுக் குடிமகனாய் அறுபதாண்டு வாழ்ந்தும், இறுதிவரை ஜெர்மன் மொழியிலேயே ஜெபித்தாராம்.

அன்றிரவு குடும்ப ஜெபத்தில் எம் தமையனார் வழக்கம்போல் முழந்தாளிட்டார். சென்ற மூன்று வாரமும் சினத்தோடு அமர்ந்து கேளாதுவிட்டதை அன்று கேட்டோம். அவர் ஜெபித்தது தமிழில். எம் தந்தையார் நாள்தோறும் சொல்லும் சொற்களே, அதே வரிசையில், அதே இடத்தில் நிறுத்தி. அவருடைய நான்கு வயது மகள் தூக்கக் கலக்கத்தில் "ஆமென்" என்றாள். சாயத்தினூடே மரம் தெரிந்தது. எஞ்சிய பத்தொன்பது மீன்களையும் அமைந்த கையினராய்ச் செதுக்கி முடித்தோம்.

உறுதிமொழி எடுத்து வந்த நாளில், சட்டங்களைப் பின்புறம் திருகாணியால் இணைத்த கொடியை அவர்முன் வைத்தோம். தமையனார் அதனை நெடுநேரம் தடவிப் பார்த்தார். அவர் விரல் ஒட்டிய முனையில் வந்து நின்றது. யாது என்று கேட்டார். உண்மையைச் சொன்னோம்; சினத்தையும் சேர்த்தே சொன்னோம். அவர் சிறிது நேரம் வாளாவிருந்து, "எனக்கும் எளிதாக இருக்கவில்லை, தம்பி" என்றார். பின்னர் அன்னையார்க்குத் தொலைபேசியிற் கொடியைக் காட்டினார். அன்னையார் கொடியைப் பார்த்தாரோ இலரோ, அறியோம். முதலில் எம்மை நோக்கி, "உளி கையில் பட்டுதாடா?" என்றார், பின்பு தமையனாரை நோக்கி, "காலையிலேயே புறப்பட்டுப் போனாயே, சாப்பிட்டாயா ராசா?" என்றார். அச்செய்தி கேட்ட நாள்முதல் அவரோடு அன்னையார் பேசிய முதற்சொல் அதுவே. தமையனார் விடை சொல்ல இயலாது தலையை மட்டும் அசைத்தார்.

படரும் கொடி தனக்குக் கொழுகொம்பு கிடைத்தவிடத்தே பற்றும். அதனால் வேரை மறந்ததென்று சொல்லலாமோ? பதின்மூன்று கோடும் நிற்க, விண்மீன்கள் கூடின. பிறந்த அன்றே அறுபட்ட கொடியொன்று, எண்ணாயிரங் கல் தொலைவிலும் மகன் பசியை அறிகின்றது. அகராதி இம்மூன்றையும் ஒரு சொல்லின்கீழ் வைத்தது பொருத்தமேயன்றோ!