சுப்பீரியர் ஏரியில் ஆறு நிமிடம்

பெயர்தான் ஏரி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஒயிட்ஃபிஷ் பாயின்ட் கலங்கரை விளக்கத்தின் அருகே கூழாங்கல் கரையில் நின்று வடமேற்கே பார்த்தால், கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர்தான். சுப்பீரியர் ஏரியின் பரப்பு சுமார் 82,000 சதுர கிலோமீட்டர். புயல் வந்தால் கடலைப் போலவே சீறும்.

இந்தக் கரையிலிருந்து சுமார் 27 கிலோமீட்டர் தொலைவில், 161 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது 'எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட்' என்ற சரக்குக் கப்பல். நீளம் 222 மீட்டர். 1958-ல் தண்ணீரில் இறங்கியபோது, இந்தப் பேரேரிகளிலேயே பெரிய கப்பல் அதுதான்.

1975 நவம்பர் 9-ம் தேதி, சுமார் 26,000 டன் இரும்புத் தாது உருண்டைகளுடன் டெட்ராய்ட் பக்கம் கிளம்பியது. மறுநாள் கடும் புயல். மாலை ஏழு மணியைத் தாண்டி, பின்னால் வந்துகொண்டிருந்த 'ஆர்தர் எம். ஆண்டர்சன்' கப்பலிலிருந்து ரேடியோவில் நிலைமையை விசாரித்தார்கள். சமாளித்துக்கொண்டிருப்பதாகப் பதில் சொன்னார் கேப்டன் எர்னஸ்ட் மெக்சார்லி. அதுவே கடைசிப் பேச்சு. உதவி கேட்டு ஓர் அழைப்புகூட வராமல், கப்பல் ரேடாரிலிருந்து மறைந்துபோனது. 29 பேரும் மூழ்கினார்கள். ஒருவர் உடல்கூடக் கரை சேரவில்லை.

கப்பல் இரண்டாக உடைந்து, முன்பாதி நிமிர்ந்தும் பின்பாதி கவிழ்ந்தும் கிடக்கிறது. ஏன் மூழ்கியது என்பதில் இன்றுவரை ஒருமித்த முடிவு இல்லை. அதனால் நீர்மூழ்கிகளில் பலர் போய்ப் பார்த்தார்கள். 1994-ல், கப்பலின் அருகே ஒரு மாலுமியின் உடல் கிடப்பது தெரியவந்தது. குடும்பங்கள் கலங்கிப்போயின. அது வெறும் இரும்புக் குவியல் அல்ல, தங்கள் அப்பாவும் அண்ணனும் உறங்கும் கல்லறை என்றார்கள் அவர்கள்.

கல்லறையில் வைத்து அழ, கையில் ஒன்றும் இல்லாத குடும்பங்கள் அவை. அவர்கள் விருப்பப்படி, 1995 ஜூலை 4-ம் தேதி கப்பலின் மணி மேலே கொண்டுவரப்பட்டது. அதை வெட்டியெடுக்கப் போனவர் அணிந்திருந்தது கவசம் போன்ற தடித்த உலோக உடை. அதற்குள் அழுத்தம் தரையில் இருப்பதுபோலவே இருக்கும். எடுத்த இடத்தில், 29 பேரின் பெயர்களும் பொறித்த புதிய மணி வைக்கப்பட்டது.

அதே ஆண்டு செப்டம்பர் 1-ம் தேதி, டெரன்ஸ் டைசல், மைக் ஸீ என்ற இரண்டு டைவர்கள் கவசம் எதுவும் இல்லாமல், முதுகில் சிலிண்டர்களோடு இறங்கினார்கள்.

பொழுதுபோக்காக ஸ்கூபா செய்பவர்களுக்கு 40 மீட்டர்தான் எல்லை. 161 மீட்டரில் உடலை அமுக்கும் அழுத்தம், தரையில் இருப்பதைப்போல சுமார் 17 மடங்கு. அங்கே சாதாரணக் காற்றைச் சுவாசித்தால், நைட்ரஜன் குடிபோதைபோல மூளையை மயக்கும். ஆக்சிஜனே நஞ்சாகி வலிப்பு வரும். அதனால் இரண்டையும் குறைத்து, பலூனில் அடைக்கும் ஹீலியத்தைக் கலந்து 'டிரைமிக்ஸ்' என்ற வாயுவைச் சுவாசிக்கிறார்கள். ஆழத்துத் தண்ணீரோ ஆண்டு முழுவதும் சுமார் 4 டிகிரி.

இறங்க ஆறு நிமிடம். கப்பலைப் பார்க்க ஆறு நிமிடம். மேலே வர மூன்று மணி நேரம்!

ஏன் அவ்வளவு நேரம்? அழுத்தத்தில் வாயு ரத்தத்திலும் தசைகளிலும் கரைந்துவிடும். சோடா பாட்டிலைச் சட்டென்று திறந்தால் நுரை பொங்குவதைப்போல, வேகமாக மேலே வந்தால் உடலுக்குள் குமிழிகள் கிளம்பும். முடக்கிப்போடும், உயிரையும் எடுக்கும். ஆகவே, கொஞ்சம் ஏறுவது, நின்று காத்திருப்பது, மறுபடி ஏறுவது. தலைக்கு மேலே வெளிச்சம் தெரிந்தாலும் அவசரப்பட முடியாது.

பேரேரிகளில் ஸ்கூபா கருவியோடு எட்டிய ஆழத்தில் அன்று அது சாதனை. மூழ்கியபின் அந்தக் கப்பலைத் தொட்டதாக அறியப்படும் டைவர்கள் இவர்கள் இருவர்தான். ஆனால், திறமை இருப்பவர்கள் எல்லாம் இறங்கலாமா என்ற கேள்வி எழுந்தது. கப்பல் கிடப்பது கனடாவின் எல்லைக்குள். ஒன்டாரியோ மாகாணம் 2005-ல் தன் பாரம்பரியச் சட்டத்தைத் திருத்தியது. இப்போது உரிமம் இல்லாமல் அங்கே டைவ் செய்ய முடியாது. மீறினால் 10 லட்சம் கனடிய டாலர் வரை அபராதம். குடும்பங்கள் கேட்ட அமைதி ஒருவழியாகக் கிடைத்தது.

மேலே வந்த மணி, ஒயிட்ஃபிஷ் பாயின்ட்டில் உள்ள கப்பல் விபத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க சிலிண்டர் வேண்டாம், டிக்கெட் போதும். ஒவ்வொரு நவம்பர் 10-ம் தேதியும் அங்கே அந்த மணி 29 முறை ஒலிக்கிறது, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முறை. பிறகு 30-வது முறை, இந்த ஏரிகளில் உயிரிழந்த மற்ற எல்லோருக்காகவும்.