இரண்டாவது மூக்கணாங்கயிறு

கல்யாணம் ஆனபோது நண்பர்கள், "மாப்ளைக்கு மூக்கணாங்கயிறு போட்டாச்சுடா!" என்று சிரித்தார்கள். அது பேச்சுக்கு. நிஜமாகவே என் மூக்கில் ஒன்று மாட்டியது போன வருஷம்தான். கயிறு இல்லை, ஆறடி நீளக் குழாய். ஒரு முனை என் மூக்கில். மறு முனை கட்டிலுக்குப் பக்கத்தில் டிபன் பாக்ஸ் சைஸில் உட்கார்ந்திருக்கும் மெஷினில். அதற்குப் பெயர் சி-பாப். வியாதிக்குப் பெயர் ஸ்லீப் ஆப்னியா.

'ப்பூ, குறட்டைதானே!' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். குறட்டை வெறும் பக்கவாத்தியம். கச்சேரி தொண்டைக்குள் நடக்கிறது. தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து, காற்றுப் போன சைக்கிள் டியூப் மாதிரி ஒட்டிக்கொள்கிறது. பத்து செகண்டு, சில சமயம் அரை நிமிஷம்கூட மூச்சு கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்குகிறது. மூளை பதறிப்போய் ஆளைத் தட்டி எழுப்புகிறது. 'கர்ர்ர்' என்று ஒரு இழுப்பு இழுத்துவிட்டு மறுபடி தூக்கம். காலையில் ஒன்றும் ஞாபகம் இருக்காது.

மணிக்கு எத்தனை தடவை இப்படி ஆகிறது என்பதுதான் மார்க். 5-க்குக் கீழே என்றால் கவலையில்லை. 30-ஐத் தாண்டினால் 'கடுமை'. எனக்கு 41. பி.காம். பரீட்சையில் 41 வாங்கினால் தேங்காய் உடைக்கக் கோயிலுக்குப் போவோம். இதற்கு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஏழு மணி நேரத் தூக்கத்துக்குக் கணக்குப் போட்டேன். 287 தடவை! அப்புறம் சேலத்தில் பஸ் ஏறினால் மல்லூர் வருவதற்குள் தலை தொங்காமல் என்ன செய்யும்? நாமக்கல்லில் இறங்கவேண்டிய என்னைப் பரமத்தி வேலூரில் கண்டக்டர் எழுப்பிவிட்டதும் உண்டு.

இது தொப்பைக்காரர்கள் வியாதி என்று ஒரு நினைப்பு. தொப்பைக்குப் பங்கு உண்டுதான். ஆனால் காலர் சைஸ் 17-ஐத் தாண்டியவர்கள், தாடை சின்னதாக இருப்பவர்கள் எல்லோருமே சந்தேக லிஸ்ட்டில் வருவார்கள். டில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-ல் போட்ட மதிப்பீட்டின்படி இந்தியாவில் சுமார் 10.4 கோடிப் பேருக்கு இது இருக்கலாம். 'டிஸ்கோ டான்ஸர்' இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022-ல் இறந்தபோது, டாக்டர்கள் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று.

மெஷினைக் கண்டுபிடித்த கதை ஜோர். 1980-ல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர், வாக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்து, உறிஞ்சுவதற்குப் பதில் காற்றை மூக்குக்குள் ஊதவிட்டார். அதற்கு முன்னால் வியாதி முற்றியவர்களுக்குக் கழுத்தில் ஓட்டை போடுவதுதான் வைத்தியம். அவருடைய நோயாளியோ மூக்கில் காற்றை வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார்.

எங்கள் ஊர்ப் பாஷையில் சொன்னால் டியூபுக்குக் காற்றடிக்கிற வேலை. லாரி டயருக்கு நூறு பவுண்டுக்கு மேல் அடிப்பார்கள். எனக்கு ஏழில் ஒரு பங்கு பவுண்டு. அவ்வளவுதான். ஆனால் முதல் ராத்திரி, ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலில் முகத்தை நீட்டினாற்போல் இருந்தது. இழுப்பது சுலபம். விடுவதுதான் மல்லுக்கட்டு. வாயைத் திறந்தால் மூக்கில் போன காற்று வாய் வழியே புஸ்ஸென்று வரும். இரண்டு மணிக்கு மாஸ்க்கைக் கழற்றி எறிந்தேன். டாக்டர் ஒரு வழி சொன்னார்: சாயங்காலம் டி.வி. பார்க்கும்போதே அரை மணி மாட்டிக்கொண்டு உட்காருங்கள். உட்கார்ந்தேன். சீரியலைவிட என்னைப் பார்க்கத்தான் வீட்டில் கூட்டம்.

அடுத்த தகராறு மீசை. மயிர் இடுக்கில் காற்றுக் கசிந்து ராத்திரி பூரா சீட்டியடித்தது. "மீசையை எடுத்துடுங்க சார்" என்றார் மெஷின் கடைக்காரர், சர்வ சாதாரணமாக! சேலம் ஜில்லாவில் சொல்கிற பேச்சா இது? நல்லவேளை, மூக்குத் துவாரத்தில் மட்டும் உட்காரும் 'நேசல் பில்லோ' என்று ஒன்று இருந்தது. மீசை பிழைத்தது.

மெஷின் தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர் வேண்டும். எங்கள் போர் தண்ணீரை ஊற்றினால் நாலே நாளில் சுண்ணாம்பு அடித்துவிடும். பேட்டரி கடையில் கேட்டேன்.

"எந்த வண்டிக்குங்?"

"எனக்குத்தாங்க."

அவர் அப்புறம் ஒன்றும் பேசவில்லை.

நாமக்கல்லில் மாமனார் வீட்டில் தங்கிய அன்று, ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்த மாமியார் என்னைப் பார்த்துவிட்டு, "ஐயோ கண்ணு, மாப்பிள்ளைக்கு ஆக்ஸிஜன் வெச்சிருக்குது!" என்று அலறினார். ஆக்ஸிஜன் இல்லை, ரூமில் இருக்கிற அதே காற்றுதான் என்று புரியவைப்பதற்குள் தெரு முழித்துவிட்டது.

மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. கேஸ் டேங்கர் ஓட்டுகிறவர். மங்களூர் லோடு. மறுநாள் வாசலில் தனியாகக் கூப்பிட்டார்.

"இப்பப் பகல்ல தூக்கம் வர்றதில்லீங்களா மாப்ள?"

"வர்றதில்லைங்க மாமா."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "தொப்பூர் எறக்கத்துல ஒருக்கா... ஸ்டியரிங் என் கையில இருந்துச்சு, நான் இல்லீங். கிளீனர் பையன் தொடையில அடிச்சான்."

நம் லைசென்ஸ் மருத்துவச் சான்றில் கண், காது, வலிப்பு எல்லாம் கேட்கிறார்கள். குறட்டையைக் கேட்கக் காணோம். பிரிட்டனில் இந்த வியாதியோடு பகல் தூக்கமும் சேர்ந்தால் லைசென்ஸ் ஆபீசுக்குச் சொல்லியாகவேண்டும். வைத்தியத்தில் அடங்கிவிட்டால் மறுபடி ஓட்டலாம். மாமாவுக்கு இந்த இரண்டாவது பாதி தெரியாது. வெளியே தெரிந்தால் சாவியைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம். பதினெட்டு டன் கேஸைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தப் பயத்தோடேயே ஓட்டியிருக்கிறார்.

டெஸ்ட்டுக்குச் சம்மதிக்க வைக்க ஒன்றரை மாதம் ஆனது. ரிசல்ட் 58. வைத்தியம் பிடிபடும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். டிரான்ஸ்போர்ட் ஆபீசில் 'முட்டி வலி' என்று சொல்லி லீவு. வருமானம் நின்ற கடுப்பில் மாமா ஒரு வாரம் யாருடனும் பேசவில்லை. மெஷின் வாங்கியும் அட்டைப் பெட்டியைப் பிரிக்கவில்லை என்று மாமியார் புகார்.

போன ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. மாமாதான். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"ஏனுங் மாப்ள... மீசைய எடுக்காம மாட்டறாப்ல ஒண்ணு இருக்குதுன்னீங்களே, அதுக்குப் பேரு என்னங்?"